பழைய காரின் குஷனைப் பிரிக்கும் முன்

பெங்களூரில் பழைய கார் ஒன்றை மறுபடி ஓட்டக் கிளப்புகிறவர்கள் எஞ்சினுக்கு ஒரு மெக்கானிக்கைத் தேடுவார்கள், டிங்கரிங்குக்கு இன்னொருவரைத் தேடுவார்கள், ஒரு கார்புரேட்டர் ஜெட்டுக்காக ஊர் ஊராய் அலைவார்கள். இருக்கை விஷயத்தில் மட்டும் யோசனையே கிடையாது. ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகரிலோ ஒரு குஷன் கடையில் வண்டியை விட்டால் புது ஃபோம், புது ரெக்சின், புதுப் பைப்பிங் எல்லாம் சேர்ந்து இரண்டொரு நாளில் தயார். பிரித்த பழைய உறை குப்பைக்குப் போகும். வேலை பார்ப்பவர்களின் கைத்திறனில் குறை சொல்ல முடியாது. பழைய உறையைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்கிறவர்கள் அங்கே உண்டு. எதைக் கழித்துப் போடுகிறோம் என்று யாரும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

காரில் திரும்பச் செய்ய முடிந்த பொருள்கள் அதிகம். புஷ்ஷைக் கடைந்து எடுக்கலாம், பம்பருக்கு மறுபடி குரோம் பூசலாம், பெயின்ட் நிறத்தைக் கலந்து கலந்து நெருங்கிவிடலாம். 1960-களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலோ ஃபியட் 1100-இலோ தொழிற்சாலையிலேயே தைத்து வந்த உறை அப்படிப்பட்டதல்ல. அதே அச்சு, அதே பளபளப்பு, அதே கனம் கொண்ட ரெக்சினைக் கடையில் கேட்டால் கையை விரிப்பார்கள். ஆகவே என் கட்சி இது: பழைய இருக்கையின் உள்ளே இருப்பதைத் தாராளமாக மாற்றுங்கள், மேலே இருப்பதை முடிந்தவரை காப்பாற்றுங்கள். பழசின்மேல் உள்ள பாசத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இருக்கையின் ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு விதமாக, வெவ்வேறு வேகத்தில் கெடுகிறது. மேலே தெரியும் கிழிசலுக்கு மூலகாரணம் பல சமயம் கீழே ஒளிந்திருக்கிறது.

அடியிலிருந்து பார்ப்போம். இரும்புச் சட்டம், அதன்மேல் சுருள் ஸ்பிரிங்குகள், அல்லது சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நெளிந்து போகும் கம்பி ஸ்பிரிங்குகள், ஸ்பிரிங் மேலே ஏறி வந்து மெத்தையைக் குத்தாமல் இருக்க ஒரு சாக்குத் துணி, அதற்குமேல் தேங்காய் நாரோ குதிரைமயிரோ ரப்பர் ஃபோமோ கொண்ட மெத்தை, மெத்தைக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பஞ்சு, கடைசியில் தோல் அல்லது ரெக்சின். இருக்கை வசதியாக இருந்ததற்குப் பெரும்பங்கு காரணம் உறையல்ல, அடியில் உள்ள ஸ்பிரிங்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நாம் உட்காரும்போது இருக்கை எவ்வளவு அமுங்குகிறதோ அதை வைத்து, அது நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்பும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். 6 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்குச் சுமார் 2 முறை. 1 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால் சுமார் 5 முறை. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மேலும் கீழுமான அதிர்வில் மிகவும் படுத்துவது நொடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வு. முழு உடல் அதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தரம் இந்த எல்லைக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. வயிறும் முதுகுத்தண்டும் ஒத்ததிர்வது அந்த இடத்தில். பழைய காரின் தளர்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பலகை மேல் கெட்டியான ஃபோம் கட்டையை வைத்துத் தைத்துக் கொடுத்தால், கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது 'கிண்ணென்று' இருக்கும். ஓசூர் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனால் இடுப்பு சொல்லும்.

ஃபோம் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று கேட்டு வாங்குகிறோம். அந்த எண் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது எத்தனை நாள் உழைக்கும் என்பதை ஓரளவு சொல்லும். எவ்வளவு கடினம் என்பது வேறு கணக்கு. ஒரே டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, விறைப்பான ஃபோமும் உண்டு. எண்ணைக் கேட்டுவிட்டு நிறுத்தாமல், கையால் அழுத்தியும் பாருங்கள்.

இனி மெத்தை. பழைய இந்தியக் கார்களில் பலவற்றில் இருந்தது ரப்பர் பூசிய தேங்காய் நார். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கிற பழுப்பு நாரை முறுக்கிச் சுருள வைத்து, பிரித்து, ரப்பர்ப் பால் தெளித்து, கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கி எடுப்பது. இதே நுட்பத்தில் மெத்தை செய்து நாடெங்கும் பேர் வாங்கியது 1962-ல் தொடங்கிய பெங்களூர் கம்பெனியான கர்ல்-ஆன். தேங்காய் நாரில் லிக்னின் அதிகம். மரத்துக்கு வலுக் கொடுக்கிற அந்தப் பொருளைக் கிருமிகள் சுலபத்தில் செரிக்க முடியாது. அதனால் நார் மக்குவதற்கு முன்பே ரப்பர் போய்விடுகிறது. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறு நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் முதலில் கைவைப்பது அங்கேதான். சங்கிலி அறுந்தால் ரப்பர் பிசுபிசுக்கும். சங்கிலிகள் ஒன்றோடொன்று கண்டபடி பின்னிக்கொண்டால் விறைத்து நொறுங்கும். பழைய கார் இருக்கையைத் தட்டினால் தரையில் விழும் பழுப்புத் தூள் அதுதான். 1929-ல் டன்லப் கம்பெனியின் ஆய்வாளர்கள் ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்துச் செய்த ஃபோமுக்கும் இதே கதி.

அதற்குப் பின் வந்த பாலியூரித்தேனுக்கு வேர் 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் செய்த கண்டுபிடிப்பு. அதிலும் இரண்டு சாதி: பாலியெஸ்டர் வகையை ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும், பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் அதைப் பொடியாக்கும். இருக்கைக்குள் வெளிச்சம் புகாது என்பதால் பாலியீதரே பொருத்தம். பொடிந்த மெத்தைக்கு மருந்து கிடையாது. எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டியதுதான், தயக்கமே வேண்டாம். கெட்ட மெத்தை மேலே உள்ள உறைக்கும் எதிரி: ஆதரவில்லாத இடத்தில் உறை தொங்கும், உட்காரும்போதெல்லாம் தையலை இழுக்கும், ஒருநாள் தையல் ஓரமாகக் கிழியும். கிழிந்த உறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் காரின் பேட்டரி பின்னிருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. தளர்ந்த ஸ்பிரிங் பேட்டரி முனையைத் தொட்டு, தீப்பொறி பறந்து, காய்ந்த நார் பற்றிக்கொண்ட சம்பவங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. அந்தப் பேட்டரிக்கு ஒரு மூடி உண்டு. இருக்கை வேலையின்போது அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்தையும் ஸ்பிரிங்கையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்தால் போதும். ஒடிந்த ஸ்பிரிங்கைப் பற்றவைக்க மட்டும் கூடாது. ஸ்பிரிங் எஃகு தன் வலுவைத் தயாரிப்பில் ஏற்றிய பதத்தில் வைத்திருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும், பக்கத்திலேயே மறுபடி ஒடியும்.

உறையில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பெங்களூரின் தட்பவெப்பம் பழைய கார்களுக்கு நல்லது என்பார்கள். சென்னையின் உப்புக்காற்று இங்கே இல்லை, தகடு சீக்கிரம் துருப்பிடிக்காது, அது நிஜம். இருக்கைக்கு அவ்வளவு சாதகமில்லை. ஊர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சாதாரணக் கார்க் கண்ணாடி அதில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். நீண்ட அலைநீளமுள்ள 'ஏ' வகைக் கதிர் பக்கக் கண்ணாடி வழியாகத் தாராளமாக உள்ளே வரும். மார்ச் மாதப் பிற்பகலில் காற்று வறண்டுபோகும். ஆகஸ்ட் காலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஈரப்பதம் 70-ஐ ஒட்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். மூடிய கராஜில் மழைக்காலம் முழுக்க நின்ற காரின் இருக்கையில் வெள்ளைப் புள்ளிகள் பூத்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய இழைகள், இழைகள் சேர்ந்த கற்றைகள், கற்றைகளின் பின்னல். பச்சைத் தோலில் இந்தச் சங்கிலிகளைத் தண்ணீரும் கிருமியும் சுலபமாகப் பிரித்துவிடும். பதனிடுவது என்றால் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குக் கட்டுகள் போடுவது. அதற்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று தாவரப் பட்டையின் டானின். தமிழ்நாட்டுக்கு இது நன்றாகத் தெரிந்த தொழில். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போனது. இன்னொன்று குரோமியம் உப்பு. சென்னையில் குரோம் பதனிடலைச் செய்துகாட்டி வேரூன்ற வைத்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1912-ல் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறைப் பொறுப்புக்கு வந்தார். பெங்களூரின் டேனரி ரோடும் அந்தக் காலத் தோல் தொழிலை இன்றும் பெயரில் சுமக்கிறது.

உங்கள் கார் இருக்கையின் தோல் எந்த வகை? மடித்துத் தைத்த ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுப்பகுதி பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தாவர வகை. நீலம் கலந்த சாம்பல் என்றால் குரோம். இது தெரியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. இரண்டும் வெந்நீரை வேறு விதமாகத் தாங்கும். ஈரமான தோலைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குறுக்குக் கட்டுகள் விட்டுப்போய், தோல் சட்டென்று சுருண்டு ரப்பராகிவிடும். தோல் ஆய்வகங்களில் இதைச் சுருங்கு வெப்பநிலை என்று அளப்பார்கள்; சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இது அடிப்படைப் பரிசோதனை. நல்ல குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். தாவரத் தோல் 75, 80 டிகிரி செல்சியஸில் சுருங்கும். வயதாகிக் கெட்ட தோலில் இந்த எல்லை 50 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடலாம். சுருக்கத்தை நீவிவிடலாம் என்று எழுபது வயதுத் தோலுக்கு நீராவி காட்டுகிறவர், ஒரு நொடியில் திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்துவிடுகிறார். ஹீட் கன்னும் அப்படியே.

தாவரத் தோலுக்கு இன்னொரு வியாதி உண்டு: மேல்பரப்பு செம்பழுப்புத் தூளாக உதிர்வது. லண்டனின் அத்தீனியம் மன்ற நூலகத்தில் புத்தகத் தோல் கட்டுகள் கெட்டதற்கு எரிவாயு விளக்கிலிருந்து வந்த கந்தகமே காரணம் என்று மைக்கேல் ஃபாரடே 1843-லேயே சுட்டினார். காற்றின் கந்தக டை ஆக்சைடு தோலுக்குள் அமிலமாகிக் கொலாஜனை அறுக்கிறது. பட்டை டானின் உள்ள தோலில் இது சீக்கிரம் வரும். தோலைத் தடவினால் கையில் செந்தூள் ஒட்டுகிறதென்றால் அதற்கு எண்ணெயும் பாலிஷும் போட்டு மூட வேண்டாம். இன்னும் கறுத்துக் கெட்டியாகும். அருங்காட்சியகக்காரர்கள் ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பசையை ஆல்கஹாலில் கரைத்துத் தூவி, உதிரும் இழைகளைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அது நிறுத்தும், இளமை திரும்பாது. அப்படிப்பட்ட இருக்கையில் தினம் உட்காரவும் முடியாது.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வருகிறவர்கள் நம்மில் அதிகம். தோல் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தேய்ப்போம் என்று தோன்றும். காய்ந்தது உண்மைதான், பதனிட்ட பிறகு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க ஊட்டிய கொழுப்பு வருஷக்கணக்கில் வெளியேறிப் போயிருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும். பெங்களூரின் டிசம்பர் காலையில் அது தோலுக்குள்ளேயே கட்டியாகி, அதிலுள்ள கொழுப்பமிலங்கள் மெல்ல மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து வேறு மருந்து போடுவார்கள். சோப்பும் ஆகாது: தோல் இயல்பில் புளிப்புப் பொருள், அதன் பி.எச். அளவு 3.5-க்கும் 5-க்கும் இடையே. சோப்பு 9, 10. முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மேல்பூச்சு இன்னும் உயிரோடிருக்கிறது, எந்த எண்ணெயும் உள்ளே போகப்போவதில்லை. உடனே உறிஞ்சினால் பூச்சு போய்விட்டது, தண்ணீரைக் கொண்டு துடைப்பதையே குறைத்துக்கொள்ள வேண்டும்.

ரெக்சினுக்கு வருவோம். ரெக்சின் முதலில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைடில் செய்த ஒரு தனிக் கம்பெனிச் சரக்கு. பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. நாம் இன்று அப்படி அழைப்பது துணிமேல் பி.வி.சி. படலம் ஏற்றியது. ஐம்பதுகளின் பிரிட்டிஷ் கார்களைத் 'தோல் இருக்கை' என்று விற்றாலும், உடம்பு படுகிற முகப்பில் மட்டுமே தோலைப் போட்டு, பக்கங்களிலும் முதுகிலும் இந்தப் போலித் தோலைத் தைத்திருப்பது சகஜம். அம்பாசடர், பத்மினி வகையறாவில் முழுக்கவே ரெக்சின்.

பி.வி.சி. தன் இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாய் அதுதான். அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் 1926-ல் வால்டோ செமன் அதை வளையவைத்தார். சில திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கினால் அவை சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் விலக்கிவைக்கும். நெகிழ் ரெக்சினில் இந்தத் திரவம் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இருக்கலாம். அது பி.வி.சி.யோடு வேதிப்பிணைப்பு எதுவும் கொண்டதல்ல. சூட்டில் ஆவியாகும், தொடும் ஃபோமுக்கும் பசைக்கும் இடம் மாறும். வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி உள்பக்கத்தில் படியும் எண்ணெய்ப் படலத்தில் இதற்கும் பங்குண்டு. திரவம் போகப்போக ரெக்சின் சுருங்கும், விறைக்கும். தைத்த ஓரங்களில் முதலில் வெடிக்கும். கூடவே வெயிலும் சூடும் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிடுங்கும், நிறம் மஞ்சளித்துப் பழுப்பாகும். போன திரவத்தைத் திரும்ப ஊட்ட வீட்டு வழி எதுவும் இல்லை. டாஷ்போர்டு பாலிஷ் வெறும் பளபளப்பு. அதிலுள்ள சிலிக்கோன் பிற்பாடு எந்தப் பசையையும் ஒட்டவிடாது என்பது கூடுதல் தொல்லை.

இங்கேதான் என் கவலை. தோலைக் காப்பாற்றும் கலை நூறு வருஷமாக வளர்ந்திருக்கிறது. ஜாகுவாருக்கும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் தோல் கொடுத்த கானொலி கம்பெனி 2002-ல் மூடியபோது கார் உலகம் துக்கம் கொண்டாடியது. பத்மினியின் ரெக்சினுக்குத் துக்கப்பட ஆளில்லை. 'பிளாஸ்டிக்தானே' என்று பிரித்து எறிகிறோம். தொழிற்சாலை ரெக்சினோடு ஓர் ஆரம்பகாலப் பத்மினியைப் பார்ப்பது, நல்ல தோலோடு ஒரு பழைய ரோவரைப் பார்ப்பதைவிடக் கடினமாகும் நாள் தூரத்தில் இல்லை.

பிரிக்கும் வேலையில் பொறுமைதான் கருவி. பல பழைய கார்களில் பின்னிருக்கையின் அடிப்பகுதி அழுத்தி உட்கார வைத்ததுதான். முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் வந்துவிடும். முதுகுப் பகுதி கீழே ஓரிரு போல்ட்டிலும் மேலே கொக்கியிலும் நிற்கும். முன்னிருக்கை போல்ட்டுகள் துருவேறியிருந்தால் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். உறையை உச்சிவெயில் வேளையில் கழற்றுவது நல்லது: பழைய ரெக்சின் 15 டிகிரியில் வெடிக்கும், 30 டிகிரியில் வளைந்து கொடுக்கும். இருக்கையைச் சிறிது நேரம் இளவெயிலில் வைத்தாலே போதும். உறையைச் சட்டத்தோடு இறுக்கியிருக்கும் சிறு கம்பி வளையங்களைப் பிடித்து இழுக்காமல், கட்டரால் வெட்டியெடுங்கள். கடைசியில் மாட்டியதை முதலில் கழற்ற வேண்டும். அநேகமாக அது அடிப்புறப் பின்னோரம். ஓரத் தையலுக்குள் ஓடும் கம்பிகளை உருவி, எது எங்கே இருந்தது என்று சீட்டுக் கட்டி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். தோலின் உள்பக்கம் கறுப்புத் தடங்கள் தெரிந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். சட்டத்தின் இரும்புத் துருவும் தோலின் டானினும் சேர்ந்து உண்டான நிறம் அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதிவினை. தேய்த்தால் போகாது.

மடிப்புக்குள் வெயிலே படாத ஒரு விரற்கடை அகலத்தில் அசல் நிறம் அப்படியே இருக்கும். நிறம் பூச வேண்டிவந்தால் அதைத்தான் மாதிரியாகக் கொள்ள வேண்டும். புது உறை வெட்டுவதற்குப் பழையதை வார்ப்பாக வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உட்கார்ந்து உட்கார்ந்து விரிந்த தோலின் அளவு அசல் அளவு ஆகாது. உடம்பு படாத பக்கத் துண்டின் ஓரத்தோடு பொருத்திப் பார்த்துக் குறைக்க வேண்டும்.

பழுது பார்ப்பதில் மெஷின் பக்கமே போகாமல் இருப்பது பாதி வெற்றி. ஊசித் துளை தோலிலும் ரெக்சினிலும் மூடிக்கொள்ளாது. பழைய தையலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை போட்டால் அந்த இடம் தபால்தலைத் தாளின் துளை வரிசையாகி, முதல் இழுப்பிலேயே கிழிந்து வரும். பழைய துளைகள் வழியாகவே கையால் தைக்க வேண்டும். நூலில் ஒரு விதி: நூல் உறையைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். அசல் பருத்தி நூல் இற்றுப்போயிருக்கும், அதற்குப் பதில் வலுவான நைலான் போடுவோம் என்று தோன்றும். விபரீதம் அதுதான். பளு வரும்போது நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம். நூல் தாங்கி உறை அறுந்தால் தைக்க இடமே இருக்காது. மெல்லிய பாலியெஸ்டர் நூல் போதும்.

கிழிசலுக்கு ஒட்டு எப்போதும் உள்பக்கமிருந்து. தோலுக்குத் தோல், ஓரத்தைச் சீவி மெலிதாக்கி. இல்லாவிட்டால் ஒட்டின் விளிம்பு மேலே தடமாகத் தெரியும், அங்கேயே அடுத்த வெடிப்பு வரும். ரெக்சினுக்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. பசையில் ஒரு சிக்கல். ஓவியங்களையும் தோலையும் காக்கும் கலைஞர்கள் விரும்பும் பீவா 371 என்ற பசை, வேண்டும்போது சூடுகாட்டிப் பிரிக்கக்கூடியது. சுமார் 65 டிகிரியில் இளகும். அருங்காட்சியகத்தில் அது பெரிய குணம். ஏப்ரல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் கறுப்பு இருக்கையின் மேல்பரப்பு அந்தச் சூட்டை நெருங்கிவிடும். ஓடுகிற காருக்கு அது சரிப்படாது. குஷன் கடையின் ரப்பர் பசை தாங்கும். ஆனால் மெலிதாக, ஒட்டின்மேல் மட்டும் தடவி, கரைப்பான் நன்றாக ஆவியான பிறகே ஒட்ட வேண்டும். ஈரப் பசையின் கரைப்பான் ரெக்சினை ஊடுருவி மேலே குமிழாக எழும். திரும்ப மாட்டும்போது புது ஃபோமுக்கும் பழைய ரெக்சினுக்கும் நடுவே ஒரு காடாத் துணி வையுங்கள். மிச்சமிருக்கும் நெகிழ்திரவத்தை ஃபோம் உறிஞ்சுவதை அது தாமதப்படுத்தும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று நமக்குத் தெரியாமலே நன்மை செய்திருக்கிறது. புதுக் கார் வாங்கிய கையோடு அசல் இருக்கைமேல் ஓர் உறை மாட்டுவோம். அது கிழிந்தால் அதன்மேல் இன்னொன்று. அரசாங்க அம்பாசடர்களில் அதற்கும் மேலே ஒரு வெள்ளை டர்க்கி டவல். இரண்டு மூன்று உறைகளை உரித்த பிறகு அடியில் அசல் ரெக்சின் நிறம் மங்காமல் கிடைக்கும் கார்கள் உண்டு: வெயிலும் வியர்வையும் தலை எண்ணெயும் மேல் உறையோடு நின்றுவிட்டன. பருத்தி உறைதான் நல்லது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டும். ரெக்சின்மேல் ரெக்சின் பல வருஷம் அழுந்திக் கிடந்தால் ஒன்றின் திரவம் மற்றொன்றுக்குப் போய், பிரிக்கும்போது மேல்தோலோடு வரும்.

இருக்கையை மாற்றுவதில் அரசாங்கச் சட்டம் தலையிடுவதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவம் கெடாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. இருக்கை அந்தப் பட்டியலில் இல்லை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இன்னும் ஆழமாகப் போகிறது: காப்பது முதலில், பழுது பார்ப்பது அடுத்து, மாற்றுவது கடைசியில், செய்த மாற்றத்தை எழுதிவைக்க வேண்டும். கர்நாடக விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் போன்ற அமைப்புகளின் அணிவகுப்புகளில் பளபளக்கும் புதுக் குஷன்களுக்குக் கிடைக்கும் கைதட்டல், வெடிப்போடு நிற்கும் அசல் இருக்கைக்குக் கிடைப்பதில்லை. மாற வேண்டியது அது.

மாற்றியே ஆக வேண்டிய நிலையில் இருக்கும் உறைகளும் உண்டு. தினம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற காரில் பொடியும் தோலை வைத்துக்கொண்டு யாரும் தவம் செய்ய வேண்டாம். புதிதாகத் தையுங்கள். ஆனால் பிரித்த பழைய உறையைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். மடிக்காமல், மேல்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வெளிச்சமும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம். கார் மாடல், வருஷம், எந்த இருக்கை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். காரை விற்கும்போது சாவியோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.